பழுப்பில் மறைந்த ஆரஞ்சுக் குடம்

எனக்கு எழுதிப் பழக்கம் இல்லை. நாலாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. அதற்குப் பிறகு கையெழுத்துப் போட மட்டும்தான் பேனா பிடித்திருக்கிறேன். முன்னால் சொல்ல வேண்டியதைப் பின்னால் சொல்லியிருப்பேன். சிலது மறந்தும் போயிருக்கும். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். எங்கள் வார்டு வாசகசாலையின் செயலாளர், "எழுதித் தாருங்கள், தமிழிலேயே இருக்கட்டும், மலையாளத்தில் ஆக்க ஆள் பார்த்துக்கொள்கிறேன்" என்று சொன்னதால் எழுதுகிறேன். அவர் பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். இங்கே வாத்தியாரை மாஷ் என்பார்கள். நானும் அப்படியே எழுதுகிறேன்.

விஷயம், எங்கள் சந்து முனையில் நின்ற தண்ணீர்க் குழாய். அதை நான் போட்டோ எடுத்தேன். எடுத்ததில் தப்பில்லை. பிறகு செய்ததில்தான் தப்பு.

நான் மட்டாஞ்சேரிக்குக் கல்யாணமாகி வந்தவள். பிறந்தது திருநெல்வேலிப் பக்கம். வீட்டுக்காரர் முனிசிபாலிட்டியில் ஓடை சுத்தம் செய்கிற வேலை. சில வருஷம் கழித்து எனக்கும் தெருக் கூட்டுகிற வேலை கிடைத்தது. பஜார் ரோட்டிலும் அதன் சந்துகளிலும் கூட்டியே என் காலம் போனது. வீட்டுக்காரர் இறந்துவிட்டார். இப்போது பென்ஷனில் இருக்கிறேன். ஒரே மகள், இடப்பள்ளியில் பெரிய மாலில் துணிக்கடையில் நிற்கிறாள். கட்டிக்கொடுத்ததும் அந்தப் பக்கம்தான். அவள் புது போன் வாங்கியபோது பழையதை எனக்குக் கொடுத்தாள்.

வேலை விட்ட பிறகும் காலையில் ஐந்தரைக்குக் கால் தானாக எழுந்துகொள்ளும். துடைப்பம் இல்லாமல் வெறும் கையோடு நடக்க ஒரு மாதிரி இருக்கும். அதனால் போனைக் கையில் வைத்துக்கொள்வேன். எனக்கு ஆட்களைப் போட்டோ எடுக்கக் கூச்சம். நின்று பேசவே கூச்சம். ரோட்டோரச் சாமான்கள் என்றால் கேள்வி கேட்காது. கடை பூட்டியும் எடுத்துப் போகாத எடை மிஷின், கிட்டங்கி வாசலில் சாய்ந்து கிடக்கிற கைவண்டி, தையல்காரர் போய்விட்ட பிறகும் தொங்குகிற தகர போர்டு, மரத்தடியில் பாசி பிடித்து நிற்கிற அம்பாசடர் கார். இதெல்லாம் மற்றவர்களுக்குப் பழைய சாமான். எனக்கு இவையெல்லாம் துடைப்பம் சுற்றிப் போன இடங்கள். எந்தச் சக்கரத்துக்கு அடியில் எவ்வளவு இலை சேரும் என்று எனக்குத் தெரியும்.

எடுத்த படங்களை மகள் ஞாயிற்றுக்கிழமை வரும்போது பார்ப்பாள்.

"என்னம்மா இது, குப்பைத் தொட்டியைப் போய் எடுத்து வச்சிருக்க?"

"குப்பைத் தொட்டி இல்லடி. எடை பார்க்கிற மிஷின்."

"ரெண்டும் ஒண்ணு போலத்தான் இருக்கு. அது மேல பாரு, தேர்தல் நோட்டீஸ், பான் எச்சில். கலர்ல வச்சா இப்படித்தான் அசிங்கமாத் தெரியும். கொண்டா, விண்டேஜ் போடறேன்."

விண்டேஜ் என்றால் படம் முழுவதும் பழுப்பாகிவிடும். டீக்கடையில் பால் குறைத்து ஊற்றிய சாயா நிறம். அதோடு சின்னச் சின்னக் கீறலும், சுற்றிலும் வெள்ளை விளிம்பும் அதுவே போட்டுக்கொள்ளும். மகள் விரலால் ஒரு தட்டுத் தட்டினாள். பான் எச்சில் போய்விட்டது. எடை மிஷின் ஏதோ பெரிய பங்களாவில் நின்ற சாமான் மாதிரி ஆகிவிட்டது.

"எப்படி?" என்றாள்.

நன்றாகத்தான் இருந்தது. எந்தப் பொத்தானைத் தட்ட வேண்டும் என்று கேட்டு வைத்துக்கொண்டேன். கலர்ப் படம் அழியாது, பழுப்புப் படம் தனியாகச் சேரும் என்றும் சொன்னாள்.

அன்றிலிருந்து ஒவ்வொரு படத்தையும் இரண்டு விதமாகவும் வைத்துப் பார்ப்பது எனக்கு ஒரு வேலையாகிவிட்டது. மத்தியானம் சோறு தின்றதும் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, கலர், பழுப்பு, கலர், பழுப்பு என்று மாற்றி மாற்றிப் பார்ப்பேன். கைவண்டிக்குப் பழுப்பு பொருந்தியது. அதன் மரம் ஏற்கெனவே அந்த நிறம்தான், அதற்கு ஒரு நஷ்டமும் இல்லை. எடை மிஷினுக்குப் பொருந்தவில்லை. அதன் வயிற்றில் கண்ணாடிக்குப் பின்னால் சிவப்பும் பச்சையும் மஞ்சளுமாகச் சின்ன பல்புகள் உண்டு. காசு போட்டால் சுற்றும். பழுப்பு போட்டதும் எல்லா பல்பும் ஒரே கொட்டைப்பாக்கு ஆகிவிட்டது. தையல்காரர் போர்டில் மஞ்சள் மேல் சிவப்பில் எழுதியிருக்கும். கலரிலேயே அது மங்கல். பழுப்பில் எழுத்தே காணோம், வெறும் தகரம்தான் தொங்கியது. கார் மட்டும் கலரில் பாவமாகவும் பழுப்பில் கம்பீரமாகவும் இருந்தது. அந்தக் காருக்குள் ஒரு பூனை குட்டி போட்டிருக்கிறது. எனக்கு அதுவும் தெரியும் என்பதால் கம்பீரத்தை நம்ப முடியவில்லை.

ஒன்று கவனித்தேன். பழுப்பு போட்டால் எல்லாவற்றுக்கும் ஒரே வயதாகிவிடுகிறது. போன வருஷம் வைத்த தகரமும் பாட்டன் காலத்து மரமும் அண்ணன் தம்பி மாதிரி நிற்கின்றன.

மகளுக்கு எல்லாமே பழுப்பில்தான் பிடித்தது. கடைக்கு வருகிறவர்களே அவள் ரசனையைக் கேட்டுத்தான் துணி எடுப்பார்களாம். நான் என்ன சொல்ல.

இனிக் குழாய்க்கு வருகிறேன். அது இடுப்பு உயரத்துக்கு ஒரு வார்ப்பிரும்புக் கம்பம். மேலே உருண்டையாகத் தலை, முன்னால் மூக்கு மாதிரி வாய். வீட்டுக்கு வீடு இணைப்பு வந்ததும் அதில் தண்ணீர் நின்றுவிட்டது. பிடுங்க ஆள் வரவில்லை, நின்றபடி நின்றது. நான் எடுத்த அன்று அடுத்த வீட்டுக்காரி தன் ஆரஞ்சு பிளாஸ்டிக் குடத்தை அதன் தலையில் கவிழ்த்து வைத்திருந்தாள். வாசல் தெளிக்கிற குடம். கவிழ்த்து வைக்க அந்த உயரம் வசதி என்பாள். என்னைவிட ஏழெட்டு வயது இளையவள். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வாக்கப்பட்டு வந்தவள். வாய்க்குப் பூட்டு இல்லை.

"அக்கா, என் குடத்தை எடுக்கறீங்களா, குழாயை எடுக்கறீங்களா? குடம்னா சொல்லுங்க, தேய்ச்சு வைக்கறேன்."

"குழாயைத்தான்."

"அப்ப குடத்தை எடுத்துரட்டா?"

"இருக்கட்டும், இருக்கட்டும்" என்றேன். அவள் கிட்டே வந்தால் கூச்சத்தில் படம் ஆடிவிடும் என்று பயம்.

அந்தப் படத்தைப் பழுப்பாக்கினேன். பார்த்ததும் எனக்கே ஆச்சரியம். ஆரஞ்சு பிளாஸ்டிக் எங்கே போனது என்றே தெரியவில்லை. வெயில் பட்ட இடம் மினுங்கி, அசல் பித்தளைக் குடம் குழாய்த் தலையில் இருந்தது. குழாயின் மேல் உரிந்து நின்ற பெயிண்ட் எல்லாம் துருவாகத் தெரிந்தது. மகளுக்கு அனுப்பினேன். அவள் வாட்ஸப்பில் ஸ்டேட்டஸ் வைத்தாள். அடுத்த வீட்டுக்காரி அதைப் பார்த்து எடுத்து வைத்துக்கொண்டாள்.

அந்த மாதம்தான் ஓடை வேலை தொடங்கியது. மழைத் தண்ணீர் சந்துக்குள் ஏறாமல் இருக்க அகல ஓடை வெட்டுகிறார்கள். ஓவர்சியர் வந்து எடுக்க வேண்டியதற்கெல்லாம் சுண்ணாம்பால் பெருக்கல் குறி போட்டுக்கொண்டே போனார். ஒரு திண்டு, ஒரு சைக்கிள் கடைப் பலகை, பிறகு குழாய். குழாய் வயிற்றில் குறி விழுந்ததை நான் வாசலில் நின்று பார்த்தேன்.

இரண்டு நாளில் வார்டு குரூப்பில் கவுன்சிலர் ஒரு செய்தி போட்டார். வேலையில் எடுக்கிற சாமானில் பழமை உள்ளது ஏதாவது இருந்தால் போட்டோ அனுப்பலாம், தேர்ந்தெடுப்பதை வாசகசாலை முற்றத்தில் சிமெண்டு போட்டு நிறுத்தி வைப்போம், மற்றது பழைய இரும்புக்குப் போகும் என்று. அடுத்த வீட்டுக்காரி பழுப்புப் படத்தை அங்கே தட்டிவிட்டாள். எனக்குப் பிறகுதான் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை வாசகசாலையில் கூட்டம். அவள் இழுத்துப் போனதால் போனேன். கடைசி பெஞ்சில் உட்கார்ந்தோம். மாஷ் வந்த படங்களைப் பெரிதாக அச்செடுத்துச் சுவரில் ஒட்டியிருந்தார். என் குழாய் நடுவில் இருந்தது. மாஷ் ஒரு குச்சியால் குடத்தைத் தொட்டுக் காட்டி, ராஜா காலத்துக் குழாய் இது என்று அடித்துச் சொன்னார்.

"இது கண்டோ? பித்தளைக் குடம். படத்தின்றெ ஓரம் நோக்கு. ராஜாவின்றெ காலத்து பைப்பா இது."

அடுத்த வீட்டுக்காரி என் இடுப்பில் இடித்தாள். "அக்கா, பித்தளையாம். எனக்கே தெரியாம வாங்கியிருக்கேன் பாருங்க."

சிரிப்பை அடக்கக் குனிந்தேன். அதற்குள் யாரோ என்னைக் கைகாட்டிவிட்டார்கள். மாஷ் நேராக என்னைப் பார்த்து, இந்தப் படம் சேச்சி வீட்டுப் பழைய ஆல்பத்தில் இருந்ததா என்று கேட்டார். எல்லாத் தலையும் திரும்பியது. கேட்டது நன்றாகப் புரிந்தது. இல்லை என்று சொன்னால் அடுத்து பேச வேண்டியிருக்கும். நான் தலையை ஆட்டினேன். கை தட்டினார்கள்.

அப்போது ஆட்டியது கூச்சத்தால். அது நிஜம். ஆனால் வீட்டுக்கு வந்த பிறகும் நான் மாற்றிச் சொல்லவில்லையே, அது கூச்சம் இல்லை. படம் பழையது என்று நம்பினால் குழாய் பிழைக்கும். கலர்ப் படத்தைக் காட்டினால் பழைய இரும்பு வண்டியில் ஏறிவிடும். அதனால் வாயை மூடிக்கொண்டேன்.

அடுத்த வீட்டுக்காரியும் அதைத்தான் சொன்னாள். "சும்மா இருங்கக்கா. பித்தளைன்னே இருந்துட்டுப் போகட்டும். என் குடத்துக்கு இந்த மரியாதை இனி எப்ப கிடைக்கும்?"

அந்தக் குழாய் எப்படி வந்தது என்று எங்கள் இருவருக்கும் தெரியும். அவள் கேட்டுத் தெரிந்தவள், நான் கூட இருந்து தெரிந்தவள்.

எனக்குக் கல்யாணமாகி இரண்டாவது மழைக்காலம். சுற்றிலும் காயலும் கடலும், குடிக்கிற தண்ணீருக்கு மட்டும் அடுத்த தெருவுக்குப் போக வேண்டும். அங்கே நாங்கள் கடைசியில்தான் பிடிக்கலாம். ஓடை வேலைக்காரர் வீட்டுப் பெண்கள் குடத்தை முன்னால் வைத்தால் அந்தத் தெருக்காரர்கள் தள்ளி வைப்பார்கள். சண்டை எல்லாம் இல்லை, காலால் தள்ளி வைப்பார்கள், அவ்வளவுதான். ஒருநாள் அடுத்த வீட்டுக்காரியின் மாமியார் எங்கள் சந்துப் பெண்களை எல்லாம் கூப்பிட்டுக் குடத்தோடு முனிசிபல் ஆபீஸுக்குக் கிளம்பினாள். பதினோரு பேர். நான் புதுப்பெண், வீட்டில் கேட்காமல் சந்தைத் தாண்டியது அதுதான் முதல் தடவை. படிக்கட்டில் குடங்களை வரிசையாக வைத்து உட்கார்ந்தோம். கோஷம் ஒன்றும் போடவில்லை. ஆபீஸுக்கு வருகிறவர்கள் குடத்தைத் தாண்டித்தான் ஏற வேண்டும். மூன்று நாள் உட்கார்ந்தோம். மூன்றாம் நாள் ஒரு ஆபீசர் எங்கள் குடம் ஒன்றில் கால் இடறிக் கீழே விழப் பார்த்தார். அதற்கடுத்த மாதம் குழாய் வந்தது.

குழாய்க்கு வருஷா வருஷம் பெயிண்ட் அடிப்போம். அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்கு முந்திய வாரம். பெயிண்ட் விலைக்கு வாங்குவது கிடையாது. ஒவ்வொரு வீட்டு ஆண்களும் வேலை செய்கிற இடத்தில் டப்பாவின் அடியில் மிச்சம் கிடப்பதைத் தேங்காய்ச் சிரட்டையில் கொண்டு வருவார்கள். ஒருவர் வள்ளத்துக்கு, அதாவது மரப்படகுக்கு, நீலம் அடிக்கிறவர். ஒருவர் வெலிங்டன் தீவில் கிட்டங்கிக் கதவுக்குச் சாம்பல் அடிக்கிறவர். ஒருவர் ஜன்னல் கம்பிக்குப் பச்சை. எல்லாச் சிரட்டையையும் ஒரே தகரத்தில் ஊற்றி, என் வீட்டுக்காரர் வேப்பங்குச்சியால் கலக்குவார். என்ன நிறம் வருகிறதோ அதுதான் அந்த வருஷத்து நிறம். ஒரு வருஷம் கத்திரிக்காய் மாதிரி. ஒரு வருஷம் கறுத்த பச்சை, ஓடைப் பாசியேதான். "பைப்புக்கு ஏதா இந்த நிறம்?" என்று போகிறவர்கள் கேட்டுச் சிரிப்பார்கள். அதற்குப் பெயர் கிடையாது. எந்தக் கடையிலும் கேட்டு வாங்க முடியாத நிறம்.

சரி, நடந்ததைச் சொல்கிறேன். ஓடை வெட்டுகிறவர்கள் குழாயை அடியோடு அறுத்து எடுத்தார்கள். அதைக் கொண்டுபோய் வாசகசாலைச் சுவரில் சாய்த்து வைத்தார்கள். குழி தோண்டியாகிவிட்டது, சிமெண்டு போடவில்லை. ஒரு சாயங்காலம் மாஷ் தகரப் பலகையோடு என் வாசலில் வந்து நின்றார். குழாய்ப் பக்கத்தில் வைக்க எழுதி வாங்கியிருக்கிறார். எனக்கு மலையாளத்தில் பஸ் போர்டு படிக்க வரும், அவ்வளவுதான். அவரே படித்துக் காட்டினார். கொச்சி ராஜாவின் காலத்தில் இந்தத் தெரு மக்களுக்குக் கருணையோடு அளிக்கப்பட்ட பொதுக்குழாய் என்று எழுதியிருந்தது.

"கருணை" என்ற சொல் எனக்குப் புரிந்தது. தமிழிலும் அதுதானே.

"நல்லதல்லே, சேச்சி?" என்று கேட்டார். நல்லது என்றேன். சாயா வேண்டுமா என்று கேட்டேன். அவர் போனதும் அப்படியே கதவோரம் நின்றேன்.

அடுத்த வீட்டுக்காரி எல்லாவற்றையும் ஜன்னலில் கேட்டுக்கொண்டிருந்தாள். வெளியே வந்தாள். முதல் தடவையாக அவள் முகத்தில் கேலி இல்லை.

"எங்க மாமியார் மூணு நாள் படிக்கட்டுல உக்காந்து வாங்கினதுன்னு சாகிற வரைக்கும் சொல்லிக்கிட்டே இருந்துச்சு. நானே சலிச்சுப்போய், போதும் அத்தை, போதும்னு சொல்லியிருக்கேன். இப்ப ராஜா வந்து தட்டிட்டுப் போறாரே அக்கா."

"நீதானே சும்மா இருக்கச் சொன்ன?"

"குடத்தை மாத்தினா பரவாயில்லை. ஆளையே மாத்துவாங்கன்னு யாரு கண்டா?"

மூன்று நாள் யோசித்தேன். மத்தியானம் அதே ஜன்னலில் உட்கார்ந்து அந்த ஒரு படத்தை மட்டும் கலர், பழுப்பு, கலர், பழுப்பு என்று தட்டிக்கொண்டிருந்தேன். பழுப்பில் குழாய் நிற்கும், நாங்கள் இருக்க மாட்டோம். கலரில் நாங்கள் இருப்போம், குழாய் நிற்குமோ என்னவோ. மகளுக்குப் போன் செய்து கேட்டேன்.

"அம்மா, யாரும்மா அதெல்லாம் பார்க்கப் போறா? டூரிஸ்ட் வருவான், போட்டோ எடுப்பான், போயிருவான். நீ உளறி, அதைக் காயலான் கடைக்கு அனுப்பிராதே. அப்புறம் என்கிட்ட அழக் கூடாது."

அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஆனாலும் அந்தக் "கருணை" என்னை விடவில்லை. நாலாவது நாள் அடுத்த வீட்டுக்காரியைக் கூட்டிக்கொண்டு வாசகசாலைக்குப் போனேன். அவள் ஆரஞ்சுக் குடத்தையும் எடுத்துக்கொண்டாள். எதற்கடி என்றால், சாட்சிக்கு என்றாள்.

மாஷ் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தார். நான் போனை நீட்டினேன். கலர்ப் படம். அவர் கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார், போனைப் பார்த்தார், அவள் இடுப்பிலிருந்த குடத்தைப் பார்த்தார்.

"இதா பித்தளை, மாஷே," என்று அவள் குடத்தை மேஜையில் வைத்தாள். டொக்கென்று பிளாஸ்டிக் சத்தம் கேட்டது.

மாஷ் சிரிக்கவில்லை. "சேச்சி, இது ஆத்யமே பறையண்டே?" என்றார். முதலிலேயே சொல்ல வேண்டாமா என்று. லிஸ்ட் மேலே போய்விட்டது, ஓவர்சியரிடம் மாஷ்தான் பேசிக் குழாயை இங்கே இறக்க வைத்தார், இப்போது ஓவர்சியருக்கு என்ன பதில் சொல்வார். எனக்கு அழுகை வந்தது. "தப்புத்தான் மாஷே, பயத்துல தலையாட்டிட்டேன், அப்புறம் ஆசையில சும்மா இருந்துட்டேன்" என்றேன். அவ்வளவு நீளமாக நான் அவரிடம் பேசியதே இல்லை. பிறகு படிக்கட்டில் உட்கார்ந்ததைச் சொன்னேன். சிரட்டையில் பெயிண்ட் கொண்டு வருவதைச் சொன்னேன். விட்ட இடத்தை அடுத்த வீட்டுக்காரி சேர்த்தாள்.

மாஷ் இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினார். குழாயின் கழுத்தில் பெயிண்ட் பெயர்ந்த ஒரு இடம். சில்லின் ஓரத்தில் கோடு கோடாக நிறம் தெரிந்தது. எழுந்து வெளியே போனார். நாங்களும் போனோம். சுவரில் சாய்ந்திருந்த குழாய்க்கு முன்னால் மூன்று பேரும் குந்தினோம். மாஷ் ஒரு சில்லைப் பெயர்த்துச் சாய்த்துப் பிடித்தார். வெங்காயத் தோல் மாதிரி அடுக்கு. மேலே பாசிப் பச்சை, அடுத்து சாம்பல் கலந்த நீலம், அடுத்து கத்திரிக்காய், ஒரு மஞ்சள், மறுபடி பச்சை, நீலம்.

"வருஷத்துக்கு ஒண்ணா?" என்று தமிழிலேயே கேட்டார்.

"ஒண்ணு."

சட்டைப் பையில் குத்தியிருந்த குண்டூசியின் முனையால் தொட்டுத் தொட்டு எண்ணினார். பத்தொன்பது வந்தது. அடுத்த வீட்டுக்காரி எண்ணினாள். இருபது என்றாள், மாஷுக்குக் கண்ணு போதாது என்றாள். மாஷ் மறுபடி எண்ணினார். அப்போதுதான் அவர் முகம் இளகியது. பழுப்புப் படத்தில் இது ஒன்றுகூட இல்லையே என்றார். வெறும் துரு என்றல்லவா நினைத்தேன் என்றார்.

பலகையை இப்போதைக்கு வேண்டாம் என்று அவர் உள்ளே எடுத்து வைத்துவிட்டார். ஆனால் குழாய் தங்குமா என்பது அவர் கையில் மட்டும் இல்லை. ராஜா காலத்தது இல்லை என்றால் எதற்கு இடம் கொடுக்க வேண்டும் என்று கமிட்டியில் சிலர் கேட்கிறார்களாம். மாஷ் சொல்வது இதுதான்: குழாய் வந்த வருஷம் சரியாகத் தெரிந்து, எப்படி வந்தது என்று எழுத்தில் இருந்தால் அடுத்த கூட்டத்தில் அவர் வாதாடுவார். சரிப்பட்டால் சிமெண்டு, இல்லாவிட்டால் இரும்பு வண்டி. அதற்காகத்தான் இந்த எழுத்து.

மகளிடம் சொன்னேன். "உளறிட்டியா" என்றாள். அப்புறம் அவளே, "அந்தக் கத்திரிக்காய் கலர் வருஷம் எனக்கு ஞாபகம் இருக்கும்மா, என் பாவாடையில ஒட்டி நீ அடிச்சியே" என்றாள். அடித்தேனா என்று எனக்கு நினைவில்லை. அவளுக்கு அப்போது ஏழு வயது, இரண்டாம் வகுப்பு என்கிறாள்.

படம் தொங்கவிடுவதானால் கலர்ப் படத்தையே தொங்கவிடுங்கள் என்று மாஷிடம் சொல்லியிருக்கிறேன். குடம் ஆரஞ்சாகவே இருக்கட்டும். கைவண்டிக்கு வேண்டுமானால் பழுப்பு போட்டுக்கொள்ளலாம், அதில் யாருடைய சொத்தும் போகவில்லை.

இனி ஒரு வேண்டுகோள். எங்கள் சந்தில் அந்தக் குழாயில் தண்ணீர் பிடித்தவர்களோ அவர்கள் பிள்ளைகளோ இதைப் படித்தால், நான் எழுதியதைச் சரிபார்த்துச் சொல்ல வேண்டும். வருஷம் எனக்கு நினைவில்லை, ஆனால் வீட்டுக்கு வீடு இணைப்பு வந்த வருஷத்தோடு பெயிண்ட் அடிப்பது நின்றது, அங்கிருந்து பின்னால் எண்ணினால் குழாய் வந்த வருஷம் கிடைக்கும். என் கணக்கில் பெயிண்ட் இருபத்தொரு தடவை அடித்தோம். அடுத்த வீட்டுக்காரியின் மாமியார் இறந்த வருஷம் கொடை வைக்கவில்லை, அதனால் பெயிண்டும் அடிக்கவில்லை என்று அவள் சொல்கிறாள். நான் அடித்ததாக நினைக்கிறேன். மஞ்சள் பூச்சு கோயில் கதவுக்கு வாங்கியதன் மிச்சமா, வள்ளக்காரர் கொடுத்ததா, தெரியவில்லை. அது கோயில் கதவு மஞ்சள் என்றால் எந்த வருஷம் என்று கோயில்காரர்களால் சொல்ல முடியும். படிக்கட்டில் உட்கார்ந்தது பதினோரு பேர் என்று எழுதியிருக்கிறேன், ஒன்று கூடக் குறைய இருக்கலாம். கூட்டத்துக்கு முன்னால் வாசகசாலைக்கு வந்து, குழாய்க் கழுத்தில் வலப்பக்கம் பெயர்ந்த இடத்தில் நீங்களும் ஒருமுறை எண்ணிப் பாருங்கள். காலையில் வந்தால் நல்லது. மத்தியானத்துக்கு மேல் அந்தச் சுவரில் நிழல் விழுந்து, எல்லா நிறமும் ஒன்று போலத் தெரியும்.